மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?

திண்டுக்கல்லில் செத்துப்போன ஒரு மனிதர் மூன்று மாதமாக முழங்கால் தைலம் விற்றுக்கொண்டிருந்தார்.

பஸ் கண்டக்டராக இருந்த வீரபாண்டி. நாகல் நகர் ரவுண்டானாவிலிருந்து பேகம்பூர் வரை விளம்பர ஆட்டோ போகிற வழியெல்லாம் அவர் குரல்தான். "ஏறுங்க, ஏறுங்க. படி ஏற முடியலையா? முழங்கால் பிடிக்குதா? உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் கிடக்கு." உயிரோடு இருந்தபோது டிக்கெட் கிழித்த அதே ராகம். அவர் மனைவி நாகரத்தினம் எனக்குப் பக்கத்து ஃப்ளாட். ஆட்டோ எங்கள் தெருவுக்குள் திரும்பினால் சோற்றில் வைத்த கையோடு பால்கனிக்கு ஓடுவாள். அவள் வீட்டில் பதினாலு பாட்டில் தைலம் இருந்தது. அவளுக்கோ முழங்கால் இரண்டும் இரும்பு, ஒரு வலியும் கிடையாது. அந்தக் கம்பெனிக்கு ஃபோன் போட்டால் வீரபாண்டிதான் எடுப்பார் என்பதற்காக வாங்கியது. "எப்படித் தேய்க்கணும்? காலையிலயா, சாயங்காலமா? வெந்நீர் ஊத்தலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். மெஷின் அவர் குரலில் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருப்பேனா? என் பெயர் அமலோற்பவம். எழுபத்தொரு வயது. தொலைபேசி நிலையத்தில் வெளியூர் டிரங்கு கால் போர்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் இழுத்துச் சொருகிய வயர்களை முடிச்சுப் போட்டால் நிலாவுக்குப் போய், டீ குடித்துவிட்டுத் திரும்பலாம். இப்போது குடியிருப்போர் சங்க ஹாலில் புதன்கிழமைதோறும் வயசானவர்களுக்குக் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறேன். சேர்ந்த புதிதில் மவுஸைத் தூக்கித் திரையைப் பார்த்து ரிமோட் மாதிரி நீட்டியவர்கள், இன்றைக்குக் கத்தரிக்காயை நசுக்கிப் பார்க்காமலே ஆர்டர் போடுகிறார்கள். நாகரத்தினம் என் முதல் மாணவி. முதல் வகுப்பில் முதல் கேள்வி கேட்டதும் அவள்தான்.

"பாஸ்வேர்டுனு ஒண்ணு இருந்துச்சே அக்கா, அது எங்க போச்சு?"

"மெஷின் தின்னுருச்சு. முகத்தைக் காட்டினாத் திறக்கும்னாங்க, மெஷின் முகத்தைப் போலி பண்ணிருச்சு. விரலை வச்சாங்க, விரலையும் பண்ணிருச்சு. குரலு, கண்ணு, கையெழுத்து எல்லாம் பண்ணிருச்சு. உன் பிறந்தநாள், உன் தாய்மாமன் பேரு எல்லாம் நெட்டுல காயுது. நெட்டுல இல்லாதது ஒண்ணே ஒண்ணுதான் நாகு. நீ யார்கிட்டயும் சொல்லாதது."

அப்படி வந்ததுதான் நினைவுச் சாவி. உங்கள் வாழ்க்கையில் ஒரு மனிதரிடமும் சொல்லாத ஒரு சம்பவத்தை மெஷினிடம் மட்டும் முழுசாகச் சொல்லிவிட வேண்டும். அப்புறம் பெட்டகத்தைத் திறக்கப் போகும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு கேள்வி வரும். அன்றைக்குக் கதவு என்ன நிறம்? இடது பக்கம் யார் நின்றார்கள்? என்ன வாசனை அடித்தது? பதில் சொன்னால் உங்கள் பத்திரம், படம், குரல், கையெழுத்து எல்லாம் இருக்கிற பெட்டகம் திறக்கும். சம்பவம் தெரிந்த வேறு யாராவது பதில் சொன்னாலும் திறக்கும். அதனால் என் வகுப்பில் முதல் பாடமும் கடைசிப் பாடமும் ஒன்றுதான்: வாயை மூடு.

நாடே மூடிக்கொண்டது. எது எவனுக்குத் துப்பாகப் போகுமோ என்று ஜனங்கள் எதையுமே சொல்வதில்லை. ரயிலில் எதிர் சீட்டுக்காரர் எந்த ஊரில் இறங்குகிறார் என்பதைக்கூட இறங்கினபிறகுதான் தெரிந்துகொள்ள முடிந்தது. கல்யாணப் பந்தியில் அப்பளம் நொறுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. புருஷனும் பெண்டாட்டியும் வானிலை பேசினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் நாகரத்தினத்துக்கு ஃபோன் வந்தது. உதவி மையமாம். உங்கள் சாவி தேய்ந்துவிட்டது, புதுப்பிக்க ஒரு தடவை முழுசாகச் சொல்லுங்கள் என்றிருக்கிறான். இவள் சொல்லிவிட்டாள்.

"ஏன்டி சொன்ன? தொண்டை கிழியக் கத்தினேனே ஒவ்வொரு புதனும்?"

"சாப்பிட்டீங்களாம்மானு கேட்டான் அக்கா."

"அதுக்கு?"

"அவரு போனதுக்கப்புறம் யாரும் கேக்கல."

"அப்படி என்னதான் சொன்ன அவன்கிட்ட?"

"அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றது? ரகசியமில்ல?"

அவள் பெட்டகத்தில் இருந்தது நாலு மணி நேரக் குரல். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வீரபாண்டி அவளுக்காகப் பேசிப் பதிந்து வைத்தது. திருடன் திறந்தான், உரிமையாளர் சம்மதம் என்று ஒரு பொத்தானை அமுக்கிக் குரலைத் தைலக் கம்பெனிக்குக் கொடுத்தான், சாவியை மாற்றினான், போய்விட்டான். இனி அவளுக்குப் புருஷன் குரல் ஆட்டோவில் மட்டும்தான்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை ஒரு அண்டாவில் பிடித்திருந்தால் சிறுமலையை அவித்து இறக்கியிருக்கலாம். என் மாணவி. என் வகுப்பு. பூட்டுக்குப் பேர்போன ஊரில் உட்கார்ந்துகொண்டு என் மூக்கிலேயே சாவி போட்டுத் திருகியிருக்கிறான். அவனுக்குச் செய்ய வேண்டியதை நான் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நோட்டு தீர்ந்துவிட்டது.

கடைசியில் தொழில்தான் கை கொடுத்தது. டிரங்கு கால் என்றால் மூன்று நிமிடம். முடிகிற நேரத்தில் நான் லைனுக்குள் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கவா?" என்று கேட்பேன். அந்த வேலையில் நான் கற்றது ஒன்று. முதல் இரண்டே முக்கால் நிமிடம் எல்லோரும் சுற்றி வளைப்பார்கள். மழை பெய்ததா, மாடு கறக்கிறதா, மாமா இருமுகிறாரா. நான் நுழையப் போகிறேன் என்று தெரிகிற கடைசிப் பத்து விநாடியில்தான் உண்மை வெளியே விழும். "அண்ணன் போயிட்டாரு." "நான் திரும்பி வரமாட்டேன்." மனுஷனைப் பேச வைக்க அதட்ட வேண்டாம், கெஞ்ச வேண்டாம். லைன் போகப் போகிறது என்று தெரிந்தால் போதும்.

நாகுவுக்கு ஃபோன் வந்த எண்ணுக்கு நானே அடித்தேன்.

"உதவி மையம், கிஷோர் பேசுறேன்மா. சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன் தம்பி. என் கம்ப்யூட்டர்ல அம்புக்குறியைக் காணோம்."

"மவுஸை அசைச்சுப் பாருங்கம்மா."

"அசைச்சேன். கீழ விழுந்துருச்சு. நானும் மேசைக்கு அடியில போயி அசைக்கவா?"

"வேணாம்மா. உங்க சாவி தேஞ்சு போச்சுனு காட்டுது. கதையை ஒருதடவை முழுசாச் சொல்லுங்க, புதுப்பிச்சுத் தர்றேன்."

சொல்ல ஆரம்பித்தேன். ஒரு மந்திரி, ஒரு யானை, என் மாமனாரின் பல்செட்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. யானை பல்செட்டை நோக்கித் தும்பிக்கையை நீட்டுகிற இடத்தில், "மூணு நிமிஷம் ஆச்சு தம்பி, பால் பொங்குது" என்று வைத்துவிட்டேன். இப்படியே தினம் பதினோரு மணிக்கு மூன்று நிமிடம். மந்திரி யானையைக் கட்சியில் சேர்த்துக்கொண்டார். பல்செட்டு பழனி வரை போய்த் திரும்பியது. ஒன்பதாம் நாள் நான் வேண்டுமென்றே கூப்பிடவில்லை. பதினோரு மணி ஐந்து நிமிடத்துக்கு அவனே கூப்பிட்டான்.

"அம்மா, பல்செட்டு கிடைச்சுச்சா இல்லையா?"

பிடித்துவிட்டேன் என்று அப்போதே தெரிந்தது. அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லி வருஷங்கள் ஆகியிருந்தன.

"நான் மட்டும் சொல்லிக்கிட்டே இருந்தா எப்படி தம்பி? நீயும் ஒண்ணு சொல்லு, அப்பதான் எனக்கு நம்பிக்கை வரும்."

சொன்னான். பரீட்சையில் பிட் அடித்தது, கோயில் உண்டியலில் பட்டன் போட்டது. எல்லாம் முதல் நிமிடத்திலேயே வந்தன. முதல் நிமிடத்தில் வருவது எதுவும் சாவி இல்லை. இருபத்தாறாம் நாள் அவன் சிரித்துக்கொண்டே சொன்னான்:

"நீங்க சொல்றதும் பொய்தானேம்மா? யானை பல்லு விளக்குமா? பொய் சொல்லிப் பிழைக்கிறவனுக்குத் தெரியாதா?"

இனி உண்மையைப் போட்டால்தான் உண்மை விழும். அன்று சாயங்காலமே என் பெட்டகத்தைத் துடைத்துக் காலி செய்து, எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி, அரிசி டப்பாவுக்குள் புதைத்தேன். வகுப்பில் சொல்லித்தருவதை வாத்தியாரே செய்யாவிட்டால் எப்படி? மறுநாள் என் சொந்தச் சாவியை, கட்டின புருஷனுக்குக்கூடச் சொல்லாததை, ஒரு திருடனுக்குச் சொன்னேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. மத்தியானம். ஒரு ஆள் வேலூர் ஆஸ்பத்திரிக்கு டிரங்கு கால் புக் பண்ணினான். பண்ணும்போது, "ஏ பொம்பள, தூங்காம போடு" என்றான். எனக்கு இருபத்துமூன்று வயது. மனசுக்குள் குறித்துக்கொண்டேன். லைன் கிடைத்தது. இரண்டரை நிமிடம் அங்கே யாரோ யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரு கிழவியின் கையில் ஃபோனைக் கொடுத்தார்கள். அவள் "ராசா" என்றாள். மூன்று நிமிடம். அந்த ஆள், "நீட்டிங்கம்மா, அம்மா இப்பதான் வந்துச்சு, நீட்டிங்கம்மா" என்றான். நான் வயரை உருவினேன். மறுபடி லைன் கிடைக்க ஒரு மணி நேரம் ஆனது. கிடைத்தபோது, "இனி வேணாம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்தான்.

கிஷோரிடம் இதைச் சொல்லி முடித்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு நிமிடம் நாற்பத்தைந்து.

"சரி தம்பி, நேரமாச்சு."

"அம்மா, வச்சுராதீங்க. எங்கம்மாவுக்கு ஃபோன் பண்ணி நான் செத்துட்டேன்னு சொன்னவன்மா நான்."

"மூணு நிமிஷம் ஆச்சு" என்று வைத்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய கொடுமை அவனுக்கு யாரும் செய்திருக்க முடியாது. மறுநாள் பத்தே முக்காலுக்கே கூப்பிட்டான். நாலு நாள், நாலு மூன்று நிமிடம், மிச்சமெல்லாம் வந்தது. நிஜப் பெயர் பாண்டீஸ்வரன். வேடசந்தூர்ப் பக்கம். இந்தத் தொழிலுக்கு வந்த முதல் மாதம், அம்மா தினமும் கூப்பிட்டு என்ன வேலை, என்ன வேலை என்று கேட்டிருக்கிறாள். பொய் சொல்லிச் சொல்லி மாளவில்லை. புதிதாகக் கிடைத்த குரல் மெஷினில் ஒரு இன்ஸ்பெக்டர் குரலைச் செய்து, அதில் பேசியிருக்கிறான்: உங்கள் மகன் கொடுமுடியில் ஆற்றில் முழுகிவிட்டான், உடம்பு கிடைக்கவில்லை. ஆறு வருஷம் ஆயிற்று.

"அம்மா அழல. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு."

"என்ன கேட்டுச்சு?"

"இன்னைக்குச் சாப்பிட்டிருந்தானா சார்னு கேட்டுச்சு."

அவன் அழுதான். நான் தகவலைக் குறித்துக்கொண்டேன். எனக்கு நெஞ்சே இல்லையா என்று கேட்காதீர்கள். நெஞ்சு பக்கத்து ஃப்ளாட்டில் பதினாலு தைல பாட்டிலுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது.

அன்றைக்கே அவன் பெட்டகத்தின் முன்னால் போய் நின்றேன். மெஷின் கேட்டது: "தொலைபேசியில் உன் தாய் கேட்டது என்ன?" தட்டினேன். திறந்தது. உள்ளே எண்பத்துமூன்று வீட்டுப் பெட்டகங்கள், எண்பத்துமூன்று திருட்டுக் குரல்கள். எல்லாவற்றையும் அவரவருக்குத் திருப்பி அனுப்பினேன். சம்மதத்தை ரத்து செய்து, வீரபாண்டியைத் தைல ஆட்டோவிலிருந்து இறக்கி வீட்டுக்கு அனுப்பினேன். பாண்டீஸ்வரனின் சாவியை மாற்றினேன். இனி அவனுடைய முகவரி, அடையாளம், வித்தை எல்லாம் என் முந்தானை முடிச்சில்.

இத்தோடு விட்டிருந்தால் நான் நல்ல பொம்பளை. விடவில்லை. அந்தத் தைலக் கம்பெனி மலச்சிக்கலுக்கு ஒரு பொடியும் விற்கிறது. அதற்கு அன்பான குரல் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதமாக நான் பதிந்து வைத்திருந்த அவன் குரலை அவன் பெட்டகத்தில் ஏற்றினேன். உரிமையாளர் சம்மதம். அமுக்கினேன். ஒரு வருஷ ஒப்பந்தம். மறுநாள் காலை நாகல் நகர் ரவுண்டானாவில் ஆட்டோ திரும்பியது.

"சாப்பிட்டீங்களாம்மா? சாப்பிட்டது போச்சாம்மா? வெட்கப்படாதீங்க, என்கிட்ட சொல்லுங்க."

நாகரத்தினமும் நானும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கம்பி ஒரு இஞ்சு வளைந்தது. இன்னும் வளைந்தே இருக்கிறது, வந்து பார்க்கலாம். மாவட்டத்தில் அவன் குரல் நுழையாத சந்து இல்லை. அவன் எனக்கு ஒரு நாளைக்கு நாற்பது தடவை அடித்தான். எடுக்கவில்லை. மணி அடிக்கிறதைக் கேட்டுக்கொண்டே மாதுளம்பழம் உரித்துத் தின்றேன். அவ்வளவு இனிப்பான பழத்தை நான் அதற்கு முன் தின்றதில்லை.

பன்னிரண்டாம் நாள் என் சந்தோஷத்தை நாகுவுக்கும் காட்டலாம் என்று, பொடிக்காக யார் யார் ஃபோன் செய்தார்கள் என்கிற பட்டியலைத் திறந்தேன். அவன் பெட்டகத்திலிருந்தே அது தெரியும். நாகரத்தினம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கீழே கீழே இறங்கினாள். ஓரிடத்தில் விரலை வைத்தாள்.

"இது யாரு அக்கா?"

வேடசந்தூர் எண். பன்னிரண்டு நாளில் தொண்ணூறு தடவை. ஒரு பாக்கெட்கூட வாங்கவில்லை.

"பாவம், ரொம்பக் கஷ்டம்போல" என்றேன், இன்னும் சிரித்தபடி.

நாகரத்தினம் சிரிக்கவில்லை. "இவளுக்கு மலச்சிக்கல் இல்ல அக்கா. எனக்கு முழங்கால்ல என்ன வந்துச்சு?"

வேடசந்தூர் என்று மறுபடி படித்தேன். அவன் ஊர். அந்த எண்ணுக்கு அடித்தேன். ஒரு வயசான குரல் எடுத்தது.

"பொடிக் கம்பெனியிலேருந்து பேசுறேம்மா. நீங்க அடிக்கடி..."

"வாங்கிக்கிறேன் தாயி. அடுத்த வாரம் கட்டாயம் ஒரு பாக்கெட் வாங்கிக்கிறேன். அதுக்குள்ள நிறுத்திராதீங்க."

"எதைம்மா?"

"அந்தப் பையன் குரலை. என் மகன் குரலு அது. ஆத்துல முழுகிப் போனவன். அவன் இருந்தப்பவே எங்கயோ பிடிச்சு வச்சிருக்கீங்கபோல. ஆறு வருஷங்கழிச்சுச் சாப்பிட்டியானு கேக்குறான் தாயி. நீங்க நல்லா இருக்கணும்."

நான் நல்லா இருக்கணுமாம். உன் மகன் முழுகவில்லை, மூன்று மாதமாக என் நாகுவை முழுகடித்தவன் அவன்தான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அது எவ்வளவு ருசியான வாக்கியம் என்று எனக்குத் தெரியும். நாகரத்தினம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோனை வைத்தபிறகு அவள் சொன்னாள்:

"அவனை விட்டுத் தொலைங்கன்னு சொல்ல மாட்டேன். அவன் வேகட்டும். ஆனா அந்தம்மா மெஷின்கிட்டப் பேசுது அக்கா. அது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

அன்று அவனுடைய இருபதாவது அழைப்பை எடுத்தேன்.

"அம்மா, உங்க கால்ல விழுறேன். டீக்கடையில பேசினா ஜனங்க திரும்பிப் பார்த்து வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்குதுங்க. குரலை நிறுத்துங்கம்மா."

"நாளைக்குப் பதினோரு மணிக்கு லைன்ல இரு. மூணு நிமிஷம் தர்றேன். கெஞ்சுறதை அங்க கெஞ்சு."

மறுநாள் நாகரத்தினத்தை அவள் வீட்டுக்கு அனுப்பிக் கதவைச் சாத்தினேன். முதலில் வேடசந்தூரைப் பிடித்தேன். "இருங்கம்மா, லைன் கொடுக்கிறேன்" என்றேன். அப்புறம் அவனைப் பிடித்தேன். இரண்டையும் சேர்த்தேன். என் பக்கத்துச் சத்தத்தை அடைத்துவிட்டு மேசைக் கடிகாரத்தை முன்னால் இழுத்து வைத்துக்கொண்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் கை தானாக வயரைத் தேடியது.

"அம்மா?" என்றான் அவன். என்னைத்தான் கூப்பிட்டான்.

"சாப்பிட்டேன்யா" என்றாள் அவள்.

பன்னிரண்டு நாளாக மெஷினுக்குச் சொல்லிப் பழகிய பதில். அடுத்து மெஷின் என்ன சொல்லும் என்று காத்திருந்தாள்.

"ஏன்யா, இன்னைக்குப் பொடியைப் பத்திச் சொல்லல?"

எண்பத்துமூன்று பேரை ஏமாற்றிய வாய். ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு நிமிடம் ஓடியது. அவள் அவனுக்கு வேப்பமரம் வெட்டினதைச் சொன்னாள், பக்கத்து வீட்டுக்காரி கோழி திருடினதைச் சொன்னாள். மெஷின் நன்றாகக் கேட்டுக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிடம். அவன் மூச்சு உடைந்து உடைந்து வந்தது. இரண்டு நாற்பது. இரண்டு நாற்பத்தைந்து. எந்தக் கடிகாரமும் இல்லாமலே அவனுக்கும் தெரிந்தது.

"யம்மோவ், நான் முழுகலம்மா."

மூன்று நிமிடம் ஆயிற்று.

என் கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது. நாகு பால்கனிக்கு ஓடின ஓட்டமெல்லாம் அந்த விரலில் இருந்தது. அமுக்கியிருந்தால் உலகத்திலேயே அழகான பழிவாங்கலாக இருந்திருக்கும். எழுபத்தொரு வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு வாய்ப்பு இரண்டு தடவைதான் வந்தது.

அமுக்கவில்லை. நீட்டிக்கவா என்று கேட்கவும் இல்லை.

மன்னித்துவிட்டேன் என்று யாரும் கதை கட்ட வேண்டாம். விளம்பரம் இன்னும் ஓடுகிறது. ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கிறது. இன்று காலைகூட எங்கள் தெருவில் போச்சாம்மா, போச்சாம்மா என்று கூவிக்கொண்டு போனான். அவன் பெட்டகச் சாவியும் என்னிடம்தான் இருக்கிறது. நாகரத்தினம் பால்கனிக்கு வருவதில்லை. உள்ளே உட்கார்ந்து, சொந்தப் புருஷனின் நாலு மணி நேரத்தைத் தினம் பத்துப் பத்து நிமிடமாகக் கேட்கிறாள். தைலத்தைக் கதவுக் கீலுக்குப் போடுகிறாள், நன்றாகவே வேலை செய்கிறது.

நான்காவது நிமிடத்தில் அந்தம்மா என்ன சொன்னாள், அவன் என்ன பதில் சொன்னான் என்றுதானே கேட்கிறீர்கள். நான் லைனில் இருந்தது அவர்களுக்குத் தெரியாது. நாகுவுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கும் சொல்லப்போவதில்லை. என் பழைய சாவியைத் திருடனிடம் கொடுத்துவிட்டேன், இப்போது உங்களுக்கும் கொடுத்துவிட்டேன். எனக்கு ஒரு புதுச் சாவி வேண்டியிருந்தது.

தினமும் காலையில் காப்பி ஆறுவதற்குள் மெஷின் கேட்கிறது: "அதற்கு மகன் என்ன சொன்னான்?"

யாரும் பக்கத்தில் இல்லையே என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டு, விரலால் தட்டுகிறேன். திறக்கிறது.